படுத்த பிள்ளைக்கு அளவெடுத்த அக்கா

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் முதலாளியம்மா அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, மாப்பிள்ளையே, தையல்கூடத்துச் சொந்தங்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தாமதமாக வந்ததற்குப் பேருந்து காரணமில்லை. மாடியிலும் ஓர் இரங்கல் கூட்டம் நடக்கிறது. தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்து பத்து நிமிடம் நன்றாக அழுதுவிட்டேன். "அந்த மீசையை மறக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். காஜா எடுக்கிறவன். பட்டனுக்கு ஓட்டை போடுகிறவனைப் பேசவிட்டால் பேச்சிலும் நாலு ஓட்டை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அக்கா! இருபத்திரண்டு வருடம் எங்கள் கூடத்தில் கத்தரி பிடித்த அக்கா! இங்கே இருக்கும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் வெட்டிய சீருடையில் வளர்ந்தவர்கள். அவரிடம் ஒரு பிடிவாதம். எந்தப் பிள்ளையின் துணியானாலும் மடிப்புக்குள்ளே மூன்று இஞ்ச் கூடுதலாக விடுவார். முதலாளியம்மா, இதற்காக எத்தனை முறை அவரைத் திட்டியிருப்பீர்கள்? முறைக்காதீர்கள், ஊருக்கே தெரியும். "வளர்ற பிள்ளைம்மா. நாளைக்குப் பிரிச்சு விடணும்ல?" அவ்வளவுதான் அவர் பதில்.

வளர்கிற பிள்ளைக்குச் சரி. பதினொரு வருடம் படுக்கையில் கிடந்த கணவருக்கு? மாமா கண்மூடும்வரை வருடத்துக்கு ஒரு பேன்ட் தைத்தாரே! வெளியே போட்டுப்போகிற பேன்ட்! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "என்னக்கா, மாமாவுக்கு இன்னொரு பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன்.

அக்கா வெட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள் வாசல் வரைக்கும் வர்றேன்னு அவரு சொல்லிட்டா? அப்பப் போயித் துணி தேட முடியுமாடா?"

கூடமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். ஒன்பதாவது பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மாமா ஒரே ஒரு பொழுது வாசலில் வந்து உட்கார்ந்தார். அன்றும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தலைவலி தனக்கு வந்தால்தானே தெரியும்?

வந்தது. என் மகளை, எங்கள் வாலுவை, பத்து வயதில் இடுப்பெலும்பு நோய் படுக்கையில் தள்ளியது. ஒன்பது மாதம் ஆகியும் "பார்க்கலாம்" என்பதைத் தவிர டாக்டர் வேறெதுவும் சொல்லவில்லை. வேலையில் வாய் ஓயாத நான் வீட்டில் குறை சொல்ல மட்டும்தான் வாய் திறந்தேன். "நீ முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்பேன். "நீங்கதானே வளர்ற வயசுல வர்ற வலின்னு சொன்னீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. பிறகு அந்தச் சண்டையும் நின்றது. சண்டைகூட நின்றுபோன வீடு எப்படி இருக்கும் தெரியுமா? மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று அவள் பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள்.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. ஒரு மதியம் அக்கா வந்து நின்றார். கழுத்தில் டேப், கையில் அளவு நோட்டு.

"ஏ வாலு, நேரா நீட்டிப் படு. யூனிஃபார்முக்கு அளக்கணும்."

"படுத்திருக்கிறவளுக்கு எதுக்கு அத்தை யூனிஃபார்ம்?"

"நின்னா நீ ஆடிக்கிட்டே இருப்ப. இப்பத்தான்டி ஒழுங்கா அளக்க முடியும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. டேப்பைப் பிடுங்கி எறிந்தேன். "போதும்க்கா! புள்ளைக்கு ஆசை காட்டாதீங்க!" என்று கத்தினேன்.

அக்கா குனிந்து டேப்பை எடுத்தார். "நீ கத்துனதுல அளவு மறந்துபோச்சு. தள்ளி நில்லுடா."

தோளிலிருந்து முழங்கால்வரை அளந்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடியும் அளந்தார்.

"ஏன்டா, போன வருஷத்துக்கு இவ ரெண்டு இஞ்ச் வளர்ந்திருக்கா. யாராவது பாத்தீங்களா?"

சபையோரே, யார் பார்த்தோம்? காய்ச்சலைப் பார்த்தோம். மாத்திரையைப் பார்த்தோம். டாக்டர் முகத்தைப் பார்த்தோம். பிள்ளையைப் பார்த்தோமா? எங்களைக் கேட்காமலே அவள்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தாள்!

அடுக்களை வாசலில் நின்ற என் வீட்டுக்காரி மெல்லச் சொன்னாள்: "எங்க அண்ணன் உயரம்."

எத்தனை நாள் கழித்து வந்த பேச்சு! நான் விடுவேனா? "உங்க அண்ணனா? அவரு ஸ்டூல் போட்டு ஏறித்தானே சட்டையையே எடுப்பாரு! இது எங்கப்பா உயரம்."

மூண்டது பாருங்கள் சண்டை! என் மாமனார் வந்தார், என் பெரியப்பா வந்தார், செத்தவர் இருப்பவர் எல்லாருடைய உயரமும் வந்தது. "ரெண்டு பேரும் வெளிய போயிச் சண்டை போடுங்க, அத்தை அளக்கட்டும்" என்று வாலு படுத்தபடியே சிரித்தாள். சாயங்காலம் பெட்டித் துணி அலமாரிக்குத் திரும்பியது.

சீருடை வந்ததும் எழுந்து நடந்தாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நடக்கவில்லை. ஒரு வருடத்துக்குமேல் அது ஆணியில் தொங்கியது. அக்கா இரண்டு முறை வந்து மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டு, கோலூன்றி, பள்ளிக்குப் போனாள் என் மகள். அதோ, மூன்றாம் வரிசையில், அப்பா எப்போது முடிப்பார் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்!

அக்கா யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வருவார். இனி யார் வருவார்?

அக்கா மகளே, இன்று உன் வீடு எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் நீ அவரைச் சண்டைக்கு இழு. உனக்கு வராவிட்டால் சொல்லி அனுப்பு, நானும் என் வீட்டுக்காரியும் வந்து மூட்டிவிடுகிறோம். எங்களுக்குப் பழக்கம் உண்டு.

எங்கள் கூடத்தில் வெட்டப்படும் ஒவ்வொரு பிள்ளையின் துணியிலும் அக்காவின் மூன்று இஞ்ச் இருக்கும். இந்தச் சபை முன் உறுதி சொல்கிறோம். முதலாளியம்மாவும் தலையாட்டிவிட்டார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மேசை சும்மா கிடக்கக்கூடாது என்று நேற்றே நான் அதில் வேலையைத் தொடங்கிவிட்டேன். பள்ளிச் சட்டை ஒன்று வெட்டினேன். மடிப்புக்குத் துணி சரியாக விட்டிருக்கிறேன். சட்டைக் கை இரண்டும் இடது கையாக இருக்கிறது.