விரல் நீள வால்வு

நீங்கள் தந்த பிளேன்டீ நல்ல சூடு, ஐயா. ஆறிய டீ எனக்கு இறங்காது. என் மகள் கலாவுக்கு அது தெரியும்.

நான் அழகமுத்து, புளத்கொகுபிட்டியவில் கராஜ் வைத்திருக்கிறேன். கலா என் ஒரே பிள்ளை. வேன் ஓட்டிய தனுஷன் அவள் புருசன். நான் பார்த்து வைத்த மாப்பிள்ளை அல்ல. போன வருசம் இதே பொலிஸில் வைத்து, எனக்குப் பத்தொன்பது வயசு, இவரோடுதான் போவேன் என்று சிங்களத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன். ஆனாலும் தீபாவளிக்கு இருவரும் வந்தபோது சோறு போட்டேன். எனக்குப் பெரிய மனசு என்று தோட்டத்து லயம் முழுக்கப் பேசினார்கள்.

புதன்கிழமை பின்னேரம் தனுஷன் வேனைக் கொண்டுவந்தான்.

"மாமா, எஞ்சினை ஓஃப் பண்ணினா மொத மிதிக்கே பிரேக் பெடல் கல்லாட்டம் நிக்குதுங்க."

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் டிரைவர்களுக்குத் தொற்றிய பழக்கம் இது. தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து கீழே பாலம்வரை எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் இறங்குவார்கள். கால் பலத்தில் மட்டும் வேன் நிற்பதில்லை, ஐயா. எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலை ஒரு குழாய் பிரேக் சர்வோவுக்குக் கொண்டுபோகும். காலுக்குத் துணை அதுதான். குழாயில் விரல் நீளத்தில் ஒரு வால்வு உண்டு. எஞ்சின் நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்கு அந்தத் துணையைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இரண்டு மூன்று மிதியை நம்பித்தான் இவர்கள் இறங்குவது.

அவன் வேனில் வால்வு செத்திருந்தது. கரவனெல்லவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டு மிதிக்கச் சொன்னேன். பெடல் மெதுவாக இறங்கியது. எஞ்சின் ஓடினால் இறங்கும்தானே.

"புதுசு போட்டாச்சு மாப்பிள்ளை. பயமில்லாம ஓஃப் பண்ணி இறங்குங்க."

"நீங்க பாத்தா சரிதாங்க மாமா," என்று சிரித்துக்கொண்டு போனான். நல்ல பையன். வேலை தெரிந்தவன் பேச்சை நம்புவான்.

வியாழன் காலை போன் அடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு கலா தானாக எடுத்த முதல் போன்.

"அப்பா, இன்னைக்கு எனக்குக் கிளினிக்கு. ஏழு மாசம். இவரோட வேன்லதான் இறங்குறேன். திரும்பி வர்றப்ப கராஜுக்கு வரட்டுங்களா?"

எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் பொலிஸில் திரும்பாமல் போன அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"வாம்மா. முன் சீட்டுல உக்காந்துக்க, குலுங்காது," என்றேன்.

வேன் பாலத்தில் நிற்கவில்லை. செத்தது இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று என்று திருத்துங்கள்.

பிரேக்குக்கு என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைத் தெரிந்தே செய்யாமல் விட்டேன். புதன்கிழமை அவனைச் சாகவிட்டேன், வியாழக்கிழமை அவளையும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வால்வு இதோ, கவர்கூடப் பிரிக்கவில்லை. நேற்று இன்னொரு டிரைவர், றிஸாத், தன் வேனுக்கு இதைக் கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை. மகள் வீட்டுக்கென்று வாங்கியதை எந்தத் தகப்பன் இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுப்பான், ஐயா?