மருமகளுக்கு வாங்கிய ரிவால்வர்

காப்பிக் கோப்பையின் மூடி சரியாக உட்காரவில்லை. கையெல்லாம் சர்க்கரைப் பிசுபிசுப்பு. கழுவிக்கொண்டு வரவிட்டதற்கு நன்றி, டிடெக்டிவ் மேடம். ஒட்டுகிற எதுவும், வழிகிற எதுவும் எனக்கு ஆகாது. கால்நடை ஏலச் சந்தையில் பரிசோதகனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் மாடுகளிடம் எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. மனிதர்களிடம்தான் வரும்.

பெயர் வெர்லின் ஹாஸ்கெட். தெற்கு மிசூரியில் எங்கள் ஊர்ப் பக்கம் விசாரித்தால் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் பெண்களுக்குத் துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன். கைப்பையில், இடுப்பில், வெளியே தெரியாமல் எப்படி வைத்துக்கொள்வது, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது, எல்லாம் சொல்லித் தருவேன். காசு வாங்குவதில்லை. ஆகவே என் மருமகள் மார்னி துப்பாக்கி வேண்டுமென்று என்னிடம் வந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை.

அப்போது அவள் என் மகன் ட்ராயை விட்டுப் பிரிந்து, கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த சிறிய வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அந்த மருத்துவமனையில்தான் வரவேற்பு மேசையில் வேலை. ட்ராய் அவளை நெருங்கக் கூடாது, துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். பிக்கப் வண்டியின் கதவை அவள் வலது கைமேல் வைத்து அவன் சாத்தியதற்குப் பிறகு வந்த உத்தரவு அது. ஆள்காட்டி விரல் கோணலாகக் கூடியிருந்தது. நகம் மஞ்சளித்துப் போய், பக்கவாட்டில் தடித்து வளர்ந்திருந்தது. ஏதோ களிம்பு பூசியிருந்தாள். அந்த நாற்றம் எங்கள் சமையலறை மேசையில் சாயங்காலம்வரை போகவில்லை.

“அப்பா, எனக்கு ஒரு துப்பாக்கி பாத்து வாங்கிக் குடுங்க,” என்றாள். கல்யாணமான நாளிலிருந்தே என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பெற்றவன் குடித்தே செத்தவன். “நானா போனா கடைக்காரங்க எதையாச்சும் தலையில கட்டிருவாங்க.”

“ட்ராய்க்காகவா?”

“வேற யாருக்கு? உங்க புள்ளைகிட்டேர்ந்து தப்பிக்க உங்ககிட்டயே வந்து நிக்கிறேன் பாருங்க. என்னை மாதிரி ஒரு மண்டூகம் இந்த ஜில்லாவுலயே இருக்காது.” சிரித்தாள். சிரிக்கும்போதே மூக்கு ஒழுகியது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாங்கித் தருகிறேன் என்றேன்.

என் மகன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதினாலு வயதில் அவனை முதல் தடவையாக மான் வேட்டைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெண் மானை வயிற்றில் சுட்டான். அது தப்பில்லை, முதல் தடவை குறி தவறும். நான் சரிவில் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவன் அந்த மானுக்கு எதிரே ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, தன் ரொட்டியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். மான் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. “சீக்கிரம் முடிஞ்சிருமாப்பா?” என்று வாயில் ரொட்டியோடு கேட்டான். நான்தான் முடித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த அருவருப்பு பிறகு போகவே இல்லை. அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் வரும். இருந்தாலும் மகன். எனக்கு வேறு பிள்ளை கிடையாது.

மார்னியைத் துப்பாக்கிக் கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கல்லாவில் டெல்பா என்ற பெண் இருந்தாள். என் வகுப்பில் படித்தவள்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னச் சின்ன ரிவால்வர்களை எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தாள். மார்னி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நான் துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்தேன். எதில் அந்த விரல் சுலபமாக மடங்குகிறது, எதில் வழியிலேயே நின்றுபோகிறது என்று பார்த்தேன்.

ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். மேலே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லாததால் கைப்பையில் எடுக்கும்போது துணியில் மாட்டாது. எடையே இல்லை. சுடும் விசையை மட்டும் நீள இழுக்க வேண்டும், அதுவும் இறுக்கமாக இருந்தது. மார்னி இழுத்துப் பார்த்தாள். பாதி தூரம் போனது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

“இது வேணாங்க,” என்றாள் டெல்பா. “அவங்க விரலுக்கு இது ஆவாது. அந்தச் சின்ன பிஸ்டலக் காட்றேன். குழந்தைகூட இழுக்கலாம்.”

“குழந்தைகூட இழுக்கலாம்னா குழந்தை இழுத்துரும்,” என்றேன். “பிஸ்டல் அவசரத்துல சிக்கிக்கும். ரிவால்வர் சிக்காது.”

“அதுக்கில்ல சார். சுடவே முடியலன்னா அது இருந்து என்ன பிரயோசனம்?”

“டெல்பா, உனக்குத் துப்பாக்கி புடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?”

அவள் மற்ற ரிவால்வர்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். பாவம், நல்ல பெண். மார்னி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள்.

வாங்கியதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வைத்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில், கொட்டகையில் என் வேலை மேசைமேல் பிரித்தேன். விசைக்குரிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இன்னும் கடினமான ஒன்றைப் போட்டேன். உங்கள் துப்பாக்கி நிபுணர் கண்டுபிடித்தது அதைத்தான். அவர் திறமையானவர், ஆனால் நான் மறைக்கவும் முயலவில்லை. திரும்பப் பூட்டி நானே இழுத்துப் பார்த்தேன். எனக்கே விரல் வலித்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டியில் வைத்து, அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ட்ராய் எப்படியும் ஒருநாள் அவளைத் தேடிப் போவான். உத்தரவெல்லாம் அவனை நிறுத்தாது. அவள் கையில் சுடுகிற துப்பாக்கி இருந்தால் சுட்டுவிடுவாள். மார்னி பார்க்கத்தான் பூஞ்சை, உள்ளே அப்படி இல்லை. அவள் கையில் சுடாத துப்பாக்கி இருந்தால் யாரும் யாரையும் சுடப்போவதில்லை. ஒரு தகப்பன் உட்கார்ந்து யோசித்தால் இங்கேதான் வந்து நிற்பான்.

பயிற்சிக்கு என்னுடைய பெரிய ரிவால்வரைக் கொடுத்தேன். அதில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் தள்ளிவிட்டால் விசை பூப்போல நகரும். அவள் தகர டப்பாக்களை வரிசையாக விழவைத்தாள். கைதட்டினேன். “சின்னதுல பழகாத, கை வலிக்கும், அது அவசரத்துக்கு மட்டும்தான்,” என்றேன். ஒருநாள் அவளாகவே அதை எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

“ரொம்ப இறுக்கமா இருக்கேப்பா. என்னால முழுசா இழுக்கவே முடியல.”

“நெசமா ஆபத்து வர்றப்ப ஒடம்புக்குத் தானா பலம் வந்துரும்,” என்றேன். “அப்ப மலையக்கூட நகத்துவ.”

நம்பினாள். வகுப்பில் எல்லாருமே நம்பிவிடும் வாக்கியம் அது.

அதற்குமுன் கான்ஸாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ரிவால்வர் வந்தபின் அந்தப் பேச்சு நின்றது. “பையில அது இருக்குன்னு நெனச்சாலே நிமிர்ந்து நடக்கத் தோணுதுப்பா,” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் பீச் பழம் போட்டு இனிப்பு செய்துகொண்டு வந்தாள். அந்தக் கோணல் விரலால் மாவைப் பிசைந்திருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு இறங்கவில்லை. அவள் போனதும் குப்பையில் கொட்டிவிட்டேன். கான்ஸாஸுக்குப் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ட்ராய்க்கு விஷயம் எட்டியது. சின்ன ஊர். அதன்பிறகு அவன் அவள் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது என்று சொல்லலாம். துப்பாக்கி என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட வந்தான். என் மனைவி நோரீன் கோழி வறுத்திருந்தாள். அவன் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவான், காலி சோடா பாட்டிலில் துப்புவான், அதை மேசைமேலேயே வைப்பான். பழுப்பாக அரைப் பாட்டில், என் தட்டுக்குப் பக்கத்தில்.

“பெத்த அப்பனாய்யா நீ?” என்றான். “என்னைச் சுடச்சொல்லி அவளுக்கு நீயே துப்பாக்கி வாங்கிக் குடுத்திருக்க. ஊரே சிரிக்குது. பொண்டாட்டிக்குப் பயந்து தெருவ சுத்திக்கிட்டுப் போறானாம் ஹாஸ்கெட் மகன்னு.”

“சாப்பிடு,” என்றேன்.

அழ ஆரம்பித்தான். நாற்பதை நெருங்கும் ஆள். வாய் திறந்தபடி இருந்தது. கோழி எண்ணெயும் எச்சிலும் தாடையில் இறங்கியது. மூக்கிலிருந்து வந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. அவன் துடைக்கவில்லை. “நீயே என்னைக் கொன்னுரலாமேப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிடம் பார்த்தால் வாந்தி எடுத்துவிடுவேன் போலிருந்தது.

“அவளால அதச் சுடவே முடியாதுடா,” என்றேன்.

அழுகை நின்றது.

“என்னது?”

“அந்த விரலால முடியாது. நான் பாத்துத்தான் வாங்கினேன். மூக்கைத் துடை.”

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தமும் நின்றது. நோரீன் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. அவளிடம் எனக்குக் கோபமில்லை.

ட்ராய் மூக்கைத் துடைத்தான். இன்னொரு துண்டு கோழி எடுத்துக்கொண்டான். எலும்புவரை சுத்தமாகத் தின்றுவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். சட்டையில் எண்ணெய்க் கறை விழுந்தது.

மறுநாள் காலையில் மார்னி போன் செய்தாள். ஒன்றுமில்லாத விஷயம்தான். மருத்துவமனையில் விலை குறைத்து நாய்த் தீனி விற்கிறார்கள், எங்கள் கிழட்டு நாய்க்கு ஒரு மூட்டை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

“எடுத்து வை,” என்றேன்.

“சரிப்பா. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கொண்டாந்து தர்றேன். வேற ஒண்ணும் இல்லியே?”

“இல்லம்மா.”

அவன் மேசையை விட்டு எழுந்தபோதே எங்கே போவான் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்டீர்கள். தெரியும். போன் வந்தபோதும் தெரியும். கான்ஸாஸுக்குக் கிளம்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அழுவாள். அந்த மூக்கை மறுபடியும் பார்க்க வேண்டும்.

நடந்ததை நேரில் பார்த்தவர், காயம்பட்ட நாயைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பண்ணைக்காரர். இழவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார். அவர் கை வியர்த்து வழிந்தது. அன்று சாயங்காலம் மருத்துவமனையின் பின்பக்கம் மார்னி நாய்த்தீனி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாளாம். ட்ராய் டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்தானாம், அவசரமில்லாமல். அவள் நான் சொல்லித்தந்தபடியே பின்னால் நகர்ந்து, “கிட்ட வராத” என்று கத்தி, பையிலிருந்து ரிவால்வரை எடுத்து நீட்டியிருக்கிறாள். ஒரு பிழையும் இல்லை.

“அவன் நிக்கவே இல்ல வெர்லின்,” என்றார். “சிரிச்சுக்கிட்டே வந்தான். அந்தப் புள்ள ரெண்டு கையாலயும் இழுத்துச்சு. இறுக்கமான ஜாடி மூடியத் தொறக்கப் பாக்குற மாதிரி இழுத்துக்கிட்டே இருந்துச்சு. ‘அப்பா, அப்பா’ன்னு வேற கூப்புட்டுச்சு. அதோட அப்பன்தான் எப்பவோ செத்துட்டானே.”

அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். என் வகுப்புப் பெண்கள் தட்டுத் தட்டாகப் பண்டங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியின் உட்புறமெல்லாம் நீர் கோத்துச் சொட்டியது. ஒவ்வொருத்தியும் என்னைக் கட்டிக்கொண்டு, உங்களால் முடிந்ததையெல்லாம் செய்தீர்கள் என்றார்கள். கழுத்தில் அவர்கள் கண்ணீர் ஈரம். சவப்பெட்டியில் மார்னியின் வலது கையை இடது கைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார்கள். அந்த விரல் தெரியவில்லை. நேர்த்தியான வேலை.

ட்ராயைச் சிறையில் போய்ப் பார்த்தேன். உடம்பு போட்டிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எதையோ மென்றுகொண்டே பேசுகிறான். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன். ஆனாலும் உயிரோடு இருக்கிறான். டெல்பா காட்டிய பிஸ்டலை வாங்கிக் கொடுத்திருந்தால் இருந்திருக்க மாட்டான்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் விரலுக்கு முடியாததைத் தேடி எடுத்தேன், இன்னும் முடியாதபடி செய்தேன், அதை அவனிடம் சொன்னேன், அவளிடம் சொல்லவில்லை. எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலைக்கு உடந்தை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள என் மனசாட்சி இடம் தரவில்லை. அந்த ரிவால்வர் சுட்டிருந்தால், ஒரு மனித உயிரை எடுத்த பாவத்தோடு மார்னி ஆண்டவன் முன்னால் போய் நின்றிருப்பாள். அதிலிருந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது நான்தான்.