சிறு திருத்தங்கள்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் அம்மா, "பொட்டலம் கட்டுறான்" என்றுதான் சொல்வாள். பாதி உறவினர்கள் நான் ஏதோ கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் மாட்யூலை எடுத்து, பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் எங்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் பிசகில்லாமல் ஓடும்படி பேக்கேஜாக்கி, களஞ்சியத்தில் சேர்ப்பது என் பிழைப்பு. எங்கள் களஞ்சியத்திலிருந்து வந்தது என்றால் வங்கிக்காரனும் ஆஸ்பத்திரிக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்வான்.

அப்படி வந்த ஒன்று, தசம எண்களைக் கணக்கிடும் மாட்யூல். பேக்கேஜ் ஆகும்போது அதனுடன் வரும், கணக்கு சரியா என்று பார்க்கும் டெஸ்ட்கள் எல்லாம் தானாக ஓடும். ஒன்று தோற்றாலும் பேக்கேஜ் உருவாகாது. ஒன்று தோற்றது. மாட்யூலுக்குத் துணையாக, லைப்ரரி என்று நாங்கள் சொல்லும் நிரல் தொகுப்பு ஒன்றின் புதிய பதிப்பு வேண்டும். எங்களிடம் இருந்ததோ பழையது. அதை மாற்ற வேண்டுமென்றால் நாலு பேரிடம் அனுமதிக்குத் தொங்க வேண்டும். வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது. குழுத் தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. பழைய லைப்ரரியோடு ஓடினால் மிகச் சிறிய எண்கள் சில சமயம் பத்து மடங்காகிவிடும், அவ்வளவுதான். அவ்வளவு சிறிய எண்ணை யார் போடப்போகிறார்கள் என்று, அந்த டெஸ்ட் மட்டும் ஓடாதபடி ஒரு வரி சேர்த்தேன். 'இதைத் தவிர்க்காதீர்கள்' என்று மாட்யூலை எழுதியவர் குறிப்பு வைத்திருந்தார். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

என் தங்கை நர்ஸ். குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருந்தாள். அங்கே மருந்தளவைக் கணக்கிடும் மெஷினில் ஓடுவது எங்கள் லினக்ஸ் என்று தெரிந்தபோது அவளுக்கு ஒரே பெருமை. "எங்க அண்ணன் கட்டின பொட்டலம்தான் உள்ள இருக்கு" என்று மெஷினைத் தட்டிக் காட்டுவாளாம். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்களாம்.

ஒரு நாள் சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு குழந்தை இறந்துவிட்டது. வார்டுக்குப் புதிதாக வந்த மருந்து, பத்து மடங்கு ஏறியிருந்தது. ஏற்றிய அளவைத்தான் மெஷின் பதிந்து வைக்கும். நர்ஸ் டைப் அடித்த குழந்தையின் எடையை வைக்காது.

"எடையைச் சரியாத்தான் அடிச்சேன் அண்ணா. ஸ்கிரீன்ல வந்ததைத்தான் ஏத்தினேன்" என்றாள்.

என்ன மருந்து, என்ன எடை என்று கேட்டேன். சொன்னாள். மனசுக்குள் கணக்குப் போட்டேன். யாரும் போடப்போவதில்லை என்று நான் நினைத்த அந்த மிகச் சிறிய எண்களில் ஒன்றுதான். எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தேன்.

மறுநாள் ஆபீசில் நான் செய்த முதல் வேலை அதைச் சரிசெய்ததுதான். இதை யாரும் மறுக்க முடியாது. அந்த நாலு பேரிடமும் போனேன். கேட்டவுடன் அனுமதி கொடுத்துவிட்டார்கள். புதிய லைப்ரரியைச் சேர்த்து, டெஸ்டை ஓடவிட்டேன். தேறியது. என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். மெஷின்கள் தாமாகவே அப்டேட்டை வாங்கிக்கொண்டன. அதனால் எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று யாருக்கும் தெரியாது. நானும் நன்றியை எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி அமைத்த விசாரணைக் குழு அதற்குப் பிறகுதான் மெஷினைச் சோதித்தது. தங்கை சொன்ன அதே எடையைப் போட்டுப் பார்த்தார்கள். அளவு சரியாக வந்தது. திரும்பத் திரும்பப் போட்டும் சரியாகவே வந்தது. எங்கள் நிறுவனத்துக்கும் மெயில் அனுப்பி, அந்தப் பேக்கேஜில் பிழை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அது என்னிடம்தான் வந்தது. பிழை எதுவும் இல்லை என்று பதில் போட்டேன். எழுதிய அன்று அது உண்மைதான்.

மெஷின்மீது தப்பில்லை, அடித்த கைமீதுதான் தப்பு என்று முடிவாயிற்று. அவள் இனி எங்கேயும் நர்ஸாக இருக்க முடியாது.

எனக்கு மனசாட்சி இல்லையென்று நினைக்க வேண்டாம். குற்ற உணர்வு என்னைத் தின்கிறது. தங்கையை என் வீட்டோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் சுளித்த மனைவியிடம் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. தங்கை என் மகளைத் தூக்குவதே இல்லை. இருமல் மருந்தை மூடியில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பாட்டிலிலேயே ஊற்றி, "நீங்களே குடுத்துடுங்க அண்ணி" என்று எழுந்து போய்விடுவாள். அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் அந்தக் குழந்தை திரும்பி வரப்போவதில்லை. இவளைக் காப்பாற்ற வீட்டில் ஒருவனாவது வேலையில் இருக்க வேண்டும்.

நேற்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் தப்பா அடிச்சிருப்பேனோன்னு எனக்கே இப்ப தோண ஆரம்பிச்சிடுச்சு. அம்மாகூட அப்படித்தான் நினைக்கிறாங்க. நீ ஒருத்தன்தான் அண்ணா என்னை நம்புற."

உண்மைதான். டெஸ்டை நிறுத்தியவன் நான். அந்தக் குழந்தையைக் கொன்றவன் நான். இவள் நிரபராதி என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே தடயத்தை என் கையாலேயே அழித்தவனும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தங்கையை நான் ஒரு கணம்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அண்ணன் என்று ஒருவன் பின்னே எதற்கு இருக்கிறான்?