ரெண்டு மார்க்கும் ஒண்ணா நிக்கல

மூத்தவர்: டார்ச்ச ஒழுங்கா பிடிப்பா. என் மூஞ்சில அடிச்சா எஞ்சினா தெரியும்?

இளையவர்: பிடிச்சுட்டுதான் இருக்கேன் சகல. உங்க தலைதான் நடுவுல நிக்குது.

மூத்தவர்: சரி, கவரக் கழட்டியாச்சு... கீழ பல்சக்கரத்துல மார்க் எங்க இருக்கு?

இளையவர்: நேரா நிக்குது. மேல?

மூத்தவர்: இரு, டார்ச்ச மேல காட்டு.

இளையவர்: மேல எப்படி? சொல்லுங்க.

மூத்தவர்: மூணு பல்லு தள்ளி நிக்குது.

இளையவர்: மூணா!

மூத்தவர்: கத்தாதப்பா. மாமா வாசல்ல உக்காந்திருக்காரு.

இளையவர்: அப்ப பெல்ட்டு பல்லு தாண்டிடுச்சு. வால்வெல்லாம்...

மூத்தவர்: பிஸ்டன்ல போய் இடிச்சிருக்கும். வளைஞ்சிருக்கும். எஞ்சின் ஹெட்டயே இறக்கணும், வேற என்ன.

இளையவர்: நேத்து மாட்டின புது பெல்ட்டு. அது எப்படித் தாண்டும்?

மூத்தவர்: டென்ஷனர் போல்ட்டத் தொட்டுப் பாரு.

இளையவர்: ஸ்பேனர் குடுங்க.

மூத்தவர்: ஸ்பேனரெல்லாம் வேண்டாம். விரலாலயே திருப்பு.

இளையவர்: அய்யய்யோ... சுத்துதே!

மூத்தவர்: சுத்தாம? இறுக்கியிருந்தாத்தானே பெல்ட்ட இழுத்துப் பிடிச்சு நிக்கும்.

இளையவர்: மேல நின்னது நீங்க. இறுக்க வேண்டியதும் நீங்க.

மூத்தவர்: நீ கீழ இருந்து எஞ்சின கையால ரெண்டு சுத்து சுத்தி, "மார்க் திரும்ப வந்துடுச்சு"ன்னு குரல் குடுப்ப. அப்புறம்தான் நான் இறுக்குவேன். என்னைக்கும் அப்படித்தானே? நேத்து குரல் குடுத்தியா நீ?

இளையவர்: நமக்குள்ள பேச்சே இல்ல. எங்கேருந்து குரல் குடுக்கறது?

மூத்தவர்: பேச்ச நிறுத்தினது யாரு?

இளையவர்: ஒர்க்‌ஷாப் போர்டுல உங்க பேர மேல போட்டது யாரு?

மூத்தவர்: மூத்த மருமகன் பேரு மேல வராம, பின்ன வாட்ச்மேன் பேரா வரும்?

இளையவர்: பாத்தீங்களா, திரும்ப ஆரம்பிக்கறீங்க.

மூத்தவர்: சரி விடு... விடு. ஒரு போர்டுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வேல பாத்தோம்னு வெளிய சொல்ல முடியுமா? எனக்கே கூசுது.

இளையவர்: டெஸ்ட் ஓட்டாம வண்டிய ஏன் குடுத்தீங்க?

மூத்தவர்: நான் எங்க குடுத்தேன்? சாப்பிடப் போயிருந்தேன். நீயும் இல்ல. சாவி வண்டிலயே கெடந்துது. மாமா வந்தாரு, அவரு வண்டிய அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு.

இளையவர்: பாலம் ஏறும்போது நின்னுடுச்சாம். உள்ள பொண்ணுங்க ரெண்டும் பாப்பாவும், பின்னாடி லாரியாம். எங்க வீட்ல அவ அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்கா.

மூத்தவர்: உன் வீட்லயாவது பேசறா. அவ அக்கா, நம்ம வீட்டம்மா, பாப்பாவ மடியவிட்டு எறக்காம உக்காந்திருக்கா.

இளையவர்: ரெண்டு மருமகனும் மெக்கானிக். மாமனாரு நடுப்பாலத்துல காரத் தள்ளியிருக்காரு.

மூத்தவர்: சிரிக்காத.

இளையவர்: சிரிக்கல சகல. சிரிப்பு எங்க வருது...

மூத்தவர்: அவருகிட்ட என்ன சொல்றது இப்ப?

இளையவர்: பெல்ட்டு மட்டம்னு சொல்லிடலாம். வித்த கடைக்காரன் தலையில போட்டுடலாம்.

மூத்தவர்: நம்புவாரா?

இளையவர்: நாம சொன்னா எதையும் நம்புவாரு. அதான்...

மூத்தவர்: அதான் என்ன?

இளையவர்: ஒண்ணுமில்ல.

மூத்தவர்: வராரு, வராரு. மூஞ்சிய சரி பண்ணு.

மாமனார்: என்ன மாப்ள, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசறீங்க? பரவால்லையே! வண்டி கெட்டதுல இதாவது ஒரு நல்லது.

மூத்தவர்: வாங்க மாமா. அந்த ஸ்டூல்ல... இருங்க, தொடச்சுடறேன். கிரீஸா இருக்கு.

மாமனார்: உக்காரல்லாம் நேரமில்ல. இந்தாங்க, பிடிங்க. வீட்ல இருந்த இன்னொரு சாவி.

இளையவர்: எதுக்கு மாமா? ஒண்ணு எங்ககிட்ட இருக்கே.

மாமனார்: இதையும் வெச்சுக்குங்க. சரி பண்ணி யாருக்காவது தள்ளிவிட்டுடுங்க. நான் இனிமே ஓட்டறதா இல்ல.

மூத்தவர்: என்ன மாமா சொல்றீங்க?

மாமனார்: கியர மாத்தாம ஏத்தத்துல அழுத்திட்டேன் போல. வயசாச்சில்ல? பாப்பா கத்தினது இன்னும் காதுலயே நிக்குது மாப்ள. பொண்ணுங்க ரெண்டும் சொல்லிடுச்சுங்க... "போதும்ப்பா"ன்னு.

இளையவர்: உங்க மேல தப்பில்ல மாமா. அது வந்து... அந்த பெல்ட்டு...

மாமனார்: பெல்ட்டுக்கு என்ன? நீங்க ரெண்டு பேரும் சேந்து மாட்டினது. அதுல கோளாறு வருமா? என்னைத் தேத்தறதுக்காக ஏதாவது சொல்லாதீங்க.

மூத்தவர்: அப்ப அத்தைய ஆஸ்பத்திரிக்கு யாரு...

மாமனார்: வாடகை வண்டி இருக்கு. அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். முன் சீட்ல கால நீட்டி உக்காந்துப்பா, என்னை வேடிக்க காட்டச் சொல்லிட்டே வருவா... சரி விடுங்க. கெளம்பறேன்.

இளையவர்: மாமா, நில்லுங்க. சாவிய எடுத்துக்குங்க.

மாமனார்: வேண்டாம்னு சொல்றேன்ல?

இளையவர்: எடுத்துக்குங்க மாமா. நீங்க நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க. உள்ள ஒரு போல்ட்டு இறுக்கல.

மூத்தவர்: சகல...

இளையவர்: இருங்க, சொல்லிடறேன். மறந்துபோய் விட்டதில்ல மாமா. கவர மூடும்போதே பாத்தேன், லூஸா இருந்துது. பாத்துட்டுதான் மூடினேன். இவரு டெஸ்ட் ஓட்டும்போது சத்தம் வரும், உங்க முன்னாடி இவரு தலைகுனியணும்னு... நடுவுல நீங்க வந்து எடுத்துட்டுப் போவீங்கன்னு தெரியாது. சத்தியமா தெரியாது மாமா.

மாமனார்: பாத்துட்டேவா மூடினீங்க?

இளையவர்: திட்டுங்க மாமா. என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

மாமனார்: உள்ள இருந்தது என் பொண்ணுங்க மாப்ள. என் பேத்தி.

இளையவர்: தெரியும் மாமா... உங்க மூஞ்சியப் பாக்க முடியல என்னால.

மாமனார்: பெரிய மாப்ள, நீங்க ஏன் தரையவே பாத்துட்டு நிக்கறீங்க? உங்களுக்கு இது தெரியுமா?

மூத்தவர்: அவன் மூடும்போது நானும் பாத்தேன் மாமா. மூடினது அவன், கெட்ட பேரும் அவனுக்குத்தான்னு வாயத் தொறக்கல. நீங்க வந்தப்ப நான் சாப்பிடப் போகல... உள்ளதான் இருந்தேன். தெரு முனையிலயே சத்தம் கேட்டுத் திரும்பி வந்து அவனத் திட்டுவீங்கன்னு, ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன் மாமா.