தினகரனுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஞாபகங்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி மீனவர் சங்கத்தில் கேட்டபோது நான் மறுக்கவில்லை.

தினகரனும் நானும் பக்கத்து வீடு. பழவேற்காடு ஏரியில் இறால் விழும் இடத்தில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. முறை வைத்துத்தான் போடவேண்டும். அதைப் பாடு என்போம். முகத்துவாரத்தில் அமாவாசைப் பாடு இந்த வருடம் அவனுக்கு விழுந்தது. எனக்கு விட்டுக்கொடு என்று கேட்கப் படகுத்துறைக்குப் போனேன். பேச்சு முற்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

என் இடத்தில் நின்று யோசியுங்கள். போன வருடமும் பாடு பேசும்போது இப்படித்தான் மயங்கி விழுந்தான். சோடா வந்ததும் எழுந்து உட்கார்ந்து நல்ல இடத்தை வாங்கிக்கொண்டான். எனவே அவன் மனைவி கலைவாணி ஓடி வந்தபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நடிக்கறாம்மா. கிட்ட போனா இன்னும் ஜாஸ்தி பண்ணுவான். உடு, தானா எந்திரிப்பான்."

எவ்வளவு நேரம்தான் தாங்குகிறான் பார்க்கலாம் என்று போனில் மணி பார்த்தேன். நாலு நிமிடம் ஆனது.

அவள் என் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். 108-க்குப் போன் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல அவன் நெஞ்சை அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னேன். அதுவும் உதவிதானே. ஆம்புலன்ஸில் ஷாக் கொடுத்த பிறகு அவன் இதயம் துடித்தது.

சென்னையில் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்து வந்தான். மூளைக்கு ரத்தம் போகாத நேரத்தால் ஞாபகத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, தெரிந்தவர்கள் தினமும் பழையதைப் பேசுங்கள் என்றார் டாக்டர். கலைவாணி இறால் உரிக்கப் போய்விடுவாள். அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

முதல் நாள் உண்மையைத்தான் சொன்னேன். பிள்ளைகள் பெயர், அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது, இப்படி. இரண்டாம் நாள், நெஞ்சை அழுத்தியது நான்தான் என்றேன். அழுதுவிட்டான்.

"நீ இல்லாட்டி நான் இல்லடா, ரங்கா."

இதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்? என் கையில் இருந்த பல் தடத்தைக் காட்டி, இது இன்னா என்றான். மூச்சு ஊத வாயைத் திறந்தபோது நீதான் கடித்தாய் என்றேன். மன்னிப்புக் கேட்டான். விழுவதற்கு முன்னால் அமாவாசைப் பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொல்லிவைத்தேன். மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு அவனே சங்கத்துக்கு வந்து அதைச் சொன்னான். செத்துப் பிழைத்தவன் பேச்சை யார் மறுப்பார்கள்?

போன மாதம்தான் சிக்கல் வந்தது. அவன் மூளை நன்றாகவே தேறிவருகிறது.

"நடிக்கறான்னு ஒரு குரல் கேக்குதுடா. யாரையும் கிட்ட வர உடல அது. யாருடா?"

நான் அவசரப்படவில்லை. டீயை முழுதும் குடித்து முடித்தேன். பிறகு, கலைவாணி என்றேன்.

அன்றிலிருந்து அவன் அவள் கையால் சாப்பிடவில்லை. அவள் பொன்னேரியில் தாய் வீட்டில் இருக்கிறாள். எனக்கும் வருத்தம்தான், இரண்டு வேளை என் வீட்டிலிருந்து சோறு அனுப்புகிறேன்.

எல்லாம் நான் செய்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினகரனிடம் நீங்கள் யாரும் போய்ச் சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் நானே பக்குவமாகச் சொல்கிறேன். என்னைத் தவிர அவன் வேறு யாரையும் நம்பமாட்டான்.