மோனாலிசாவுக்குப் பின்னால் இருந்த மலை

என் பெயர் சுந்தரராஜுலு, வயது 56, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற வெங்கடசாமி. கோயம்புத்தூர் செல்வபுரத்தில் மனைவியுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சுவரிலும் துணியிலும் படம் வரைந்து பிழைக்கிறேன். இந்த வழக்கின் முதல் எதிரி கவினை நான் நேரில் பார்த்ததில்லை. அவருடைய தாயார் சாந்தாமணி அம்மாவைத் தெரியும். கவினின் தங்கை அக்ஷயாவையும், அவர் கணவர் பிரவின்குமாரையும், அடிபட்ட சின்னானையும் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு முறை சொன்னதையே மூன்றாவது முறையாக இங்கே சொல்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு பொள்ளாச்சி ரோட்டில் புதிதாகக் காபிக் கடை திறந்த மிதுன் என்பவர் என்னைக் கூப்பிட்டு, மோனாலிசா படத்தை உலகத்தில் எந்தப் பணக்காரனாலும் வாங்க முடியாது, அதனால் நமக்கென்று ஒன்று வரைந்து தாருங்கள் என்றார். அப்படியே காப்பி வேண்டாம், நம் பக்கத்துப் பெண், பின்னால் நம் ஆனைமலை என்றார். மோனாலிசாவுக்குப் புருவம் இல்லாததைக் காட்டினேன். இது பார்லர்காரர்கள் செய்த தப்பு மாதிரி இருக்கிறது, நம்முடையதற்குப் புருவம் போட்டுவிடுங்கள் என்றார். எத்தனையோ பேரிடம் தலையாட்டியவன்தான், இவரிடமும் தலையாட்டினேன்.

அதன் பிறகு மழைக்காலத்தில் வால்பாறைக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் கிறிஸ்தவச் சிற்றாலயத்துச் சுவரில் படம் வரையும் வேலை கிடைத்துப் போனேன். ஆலயத்துச் சாவியை வைத்திருக்கும் சின்னான் என்னைத் தொழிலாளர் லைன் வீடுகளில் காலியாக இருந்த ஒன்றில் தங்கவைத்தார். பக்கத்து வீட்டில் பிரவின்குமார் இருந்தார், எஸ்டேட் ஜீப் டிரைவர். அவர் மனைவிதான் அக்ஷயா. கிணத்துக்கடவில் தோப்பும் தோட்டமும் உள்ள பொங்கியண்ணன் என்பவரின் மகள் என்றும், வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் வீட்டார் அவரைத் தலைமுழுகிவிட்டதாகவும், அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகவும் சின்னான் என்னிடம் சொன்னார். அவர்கள் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மழையில் சுவர் காயாததால் ஆலய வேலை நின்றது. சும்மா இருக்க முடியாமல் மிதுனின் படத்தைத் தொடங்கினேன். ஜன்னலோரம் கொஞ்சம் உட்கார முடியுமா என்று அக்ஷயாவைக் கேட்டேன். அவர், “உக்கார்றனுங்ணா. மூஞ்சிய மட்டும் மாத்திப்போடுங்க” என்றார். சொன்னபடியே மாற்றினேன். என் மனைவியின் மூக்கையும், பல் டாக்டர் விளம்பரத்தில் சிரிக்கும் ஒரு பெண்ணின் கன்னத்தையும் வைத்தேன். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தன் மூக்கைக் கண்டுபிடித்த என் மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அதனால் முகம் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று உறுதியாக இருந்தேன்.

கையை மாற்றவில்லை. மூலப் படத்தில் வலது கை இடது கையின் மேல் சும்மா கிடக்கும். இந்தப் பெண் தன் இடது சுண்டுவிரலை வலது கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். விரலின் நுனி மட்டும் கோணலாக வெளியே தெரிந்தது. கூச்சம் போல என்று நினைத்து அப்படியே வரைந்தேன். பின்னால் ஜன்னலில் தெரிந்ததையும் அப்படியே வரைந்தேன். கொண்டை ஊசி வளைவு, தேயிலைச் சரிவு, டீ பேக்டரியின் புகைக்குழாய், நீலத் தண்ணீர்த் தொட்டி. மலை வாய் திறந்து பேசும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடையில் படத்தை மாட்டிய பிறகு அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கவே ஆட்கள் வந்தார்கள். இந்தத் தை மாதம் ஒரு நாள் சாந்தாமணி அம்மா என் வீட்டைத் தேடி வந்தார். உறவுக்காரப் பெண்ணின் பிறந்தநாளுக்கு அந்தக் கடைக்குப் போனதாகவும், மிதுனிடம் என் விலாசம் வாங்கியதாகவும் சொன்னார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. “அது எம் பொண்ணு கைங்க. சின்ன வயசுல கதவுச் சந்துல மாட்டி வளைஞ்ச வெரலுங்க, நாந்தான் எண்ணெ போட்டு உருவிவுட்டேன்” என்றார். இது வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தது, கையும் அதில் உள்ள கைதான் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மகளின் போட்டோ ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் எரித்துவிட்டதால் படத்தைப் போனில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். படியிறங்கும்போது, மழை வந்தால் அவளுக்கு அந்த விரல் வலிக்கும், இப்போதும் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் மிதுனிடம் போய், மலை சரியாக வரவில்லை, திருத்தித் தருகிறேன் என்றேன். அந்த மலைக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள், கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவும் பயம், அழித்துவிட்டு வரவும் தைரியம் இல்லை. வயதும் அலுப்பும் சேர்ந்து அடுத்த வாரம் பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் சாந்தாமணி அம்மா போன் செய்தார். கவின் டீ பேக்டரிகளுக்கு விறகு லோடு அடிப்பவர், அந்த வளைவெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். “பையன் என்ற போனை எடுத்துப் பாத்துட்டானுங்க. அவன் கையப் பாக்கலீங்க, மலையப் பாத்தான். ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுக் கார்ல பொறப்பட்டுட்டான். எப்பிடியாச்சும் சொல்லிப்போடுங்க சாமி” என்றார். நான் பிரவின்குமாரை அழைத்தேன், மலையில் டவர் கிடைக்கவில்லை. ஆலயம் மேட்டில் இருப்பதால் அங்கே மட்டும் டவர் கிடைக்கும், ஞாயிறு என்பதால் அங்கே இருந்த சின்னான் போனை எடுத்தார். விவரம் சொன்னேன். அவர் இருவரையும் தேயிலைக் காட்டு வழியாக அனுப்பிவிட்டு லைனுக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டார். அதன் பிறகு எதிரிகள் வந்து கதவை உடைத்ததும், பாத்திரங்களை நொறுக்கியதும், எங்கே போனார்கள் என்று கேட்டுச் சின்னானின் வலது கையை முறித்ததும், அவர் வாய் திறக்காததும் ஆஸ்பத்திரியில் அவர் சொல்லி நான் அறிந்தவை. நேரில் பார்க்கவில்லை.

அன்று மாலையே கடைக்குப் போய், ஆட்கள் பார்க்கப் பார்க்க, மலை முழுவதும் வெள்ளை அடித்தேன். மிதுன் என்னைப் பிடித்துத் தள்ளினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையை அழிக்க மனம் வரவில்லை, அது அப்படியே இருக்கிறது.

அக்ஷயாவும் பிரவின்குமாரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. சின்னான் சொல்ல வந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். தெரிந்தால் என்றைக்காவது வரைந்துவிடுவேன்.

மேற்கொண்டு சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. சாந்தாமணி அம்மா, காவலில் இருக்கும் மகனுக்குச் சாப்பாட்டுப் பையோடு இந்த நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அன்று அவர் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். மழை பெய்தால் அந்தப் பெண்ணுக்கு இப்போதும் விரல் வலிக்கிறது. அதற்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்துக்கொண்டால் கொஞ்சம் குறைகிறது என்று படம் முடிந்த அன்று அவரே என்னிடம் சொன்னார். இதை மட்டும் அந்த அம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இதுவரை நான் சொல்லி எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெ. சுந்தரராஜுலு