மஞ்சள் கண்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஆத்தூர் தாண்டியதும் அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்.

“கண்ணு மஞ்சளா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஆளு இருக்கணும்லா.”

“ஒனக்கென்ன. லாரி செட்ல எல்லாவனும் என் கண்ணத்தான் பாக்கான். எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சா மொதலாளி வண்டிச் சாவிய வாங்கிருவாரு.”

“அதுக்காவ மாத்திரைய நிறுத்துவியளா? ஈரலுக்கு ஒண்ணுமில்ல, இந்த மாத்திரைக்குக் கண்ணு அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் ரத்தத்தப் பாத்துட்டுத்தான சொன்னாவ.”

“பழைய மாத்திரையே போதும்.”

“அது கேக்காமப் போனதாலதான் இத எழுதுனாவ. இதையும் விட்டுட்டு, இதுவும் கேக்கலன்னா நாம எங்க போவ?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழையகாயல் வந்ததும் அவள் அவர் பக்கம் சாய்ந்தாள்.

“யாராவது கேட்டா மஞ்சக்காமாலன்னு சொல்லுங்க. அதுக்கு யாரும் வண்டியப் பிடுங்க மாட்டாவ.”

அவள் பையிலிருந்த பன்னைப் பிய்த்துக் கொடுத்தாள். அவர் மெதுவாகத் தின்று முடித்துவிட்டு மாத்திரைக்காகக் கையை நீட்டினார். மாத்திரையை விழுங்கியபின் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏளா, நீ ஒன் மாத்திரையப் போட்டியா?”

“நான் காலையிலயே போட்டுட்டேன்.”